மழை மாதங்களில் பந்தாட்டக் கோஷ்டியைத் திருத்தும் முறை

ஐப்பசி மழை தொடங்கியதும் முத்தையாபுரத்து உப்பளங்களில் வேலை நின்றுவிடுகிறது. தை பிறந்த பின்னர் அளத்தில் தேங்கிய நீரை வடித்து, சேற்றை வாரி, பாத்திகளைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திய பிறகே உவர்நீர் பாய்ச்சுவது வழக்கம். மிதிப்பில் குறை வைத்தால் உப்பில் மண் ஏறும் என்பதை அளத்து வேலைக்காரர் யாவரும் அறிவர். இவ்வளவு அறிந்தவர்களே, தங்கள் ஊர் வாலிபர்களின் பந்தாட்டக் கோஷ்டி விஷயத்தில் மாத்திரம், கோடைப் பந்தயத்திற்கு அழைப்பு வந்த பிறகுதான் பந்துக்குக் காற்றடிக்க முற்படுகிறார்கள்.

திருச்செந்தூர் சாலையிலேயே தெற்கே சென்றால் காயல்பட்டினம் இருக்கிறது. அங்கே ஐக்கிய விளையாட்டுச் சங்கத்தார் மௌலானா அபுல்கலாம் ஆசாத் நினைவாகக் கோடையில் நடத்தும் பந்தயத்திற்கு வெளிமாகாணக் கோஷ்டிகளும் வருகின்றன. அத்தகைய கோஷ்டிகளோடு ஆடும் கிராமத்துப் பிள்ளைகள் முதற்பாதியில் சளைப்பதில்லை. பிற்பாதியில்தான் கால் தளர்ந்து, பந்தைக் கண்டபடி உதைக்கத் தொடங்குகிறார்கள். இதைத் திறமைக் குறைவு என்பது சரியன்று. ஓய்வு மாதங்கள் வீணானதன் பலன் அது.

இதற்கு நல்ல திருஷ்டாந்தம் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். அவர் 1909-ல் பிறந்தவர், பள்ளி ஆசிரியராயிருந்தவர். அவர் பழக்கிய ஹைதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவருடைய யோசனைகளில் கிராமத்தார் கவனிக்கத்தக்கவை இரண்டு. எந்தக் கால் பழக்கமில்லாததோ அந்தக் காலால் மாத்திரமே ஆடவேண்டும் என்று ஒரு பந்தயம் வைப்பார். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தனியே ஓடக்கூடாது, உடனே தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும் என்று மற்றொரு பந்தயம் வைப்பார். இவற்றிற்குப் பணச்செலவு ஏதுமில்லை என்பதைச் சங்கத்தார் குறித்துக்கொள்வது நலம். இந்தியக் கோஷ்டி 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. ஆட்டக்காரரில் பலர் அன்று வெறுங்காலோடு ஆடினர். ரஹீமின் பயிற்சியில் அதே இந்தியக் கோஷ்டி 1956-ல் மெல்போர்னில் 4-ஆம் இடத்தை அடைந்தது. 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. மறு ஆண்டில் அவர் காலமானார்.

ஆகையால் முத்தையாபுரத்திலும் மழை மாதங்களில் வாரம் ஒரு மாலை இடது கால் பந்தயமும், வேறொரு மாலை தனியோட்டமில்லாத பந்தயமும் வைக்கலாம். பக்கத்திற்கு 4 பேர் போதும். சுமார் 30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மேட்டுநிலம் கிடைத்தால் காரியம் நடக்கும். பெரிய மைதானத்தில் 22 பேர் ஆடும்போது ஒருவனுக்குப் பந்து எப்பொழுதோ ஒருமுறை கிட்டும். சிறு ஆட்டத்திலோ நிமிஷந்தோறும் கிட்டும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததுபோன்ற பெருமழை வந்தால் ஆட்டத்தைப் பற்றிய பேச்சே கூடாது. வாலிபர்களுக்கு அப்பொழுது வேறு வேலை இருக்கிறது.

ஓட்டப் பயிற்சியில் ஒரு தப்பபிப்பிராயம் நெடுங்காலமாக நிலவுகிறது. விடியற்காலையில் துறைமுகம் வரை ஒரே சீராக ஓடித் திரும்பினால் மூச்சு வளர்ந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். 90 நிமிஷ ஆட்டத்தில் ஒருவன் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் செல்கிறான் என்பது உண்மையே. ஆயினும் அதில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமுந்தான். ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிப்பவை இடையிடையே வரும் சில விநாடி வேக ஓட்டங்கள். நார்வே தேசத்து வாலிப ஆட்டக்காரரை வைத்து நடத்தி 2001-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. அதில் 4 நிமிஷம் மூச்சு வாங்க ஓடுவது, 3 நிமிஷம் மெல்ல ஓடி இளைப்பாறுவது என்று 4 தடவை செய்தார்கள். வாரத்திற்கு 2 நாள் வீதம் 8 வாரங்களில், ஆட்டத்தில் அவர்கள் ஓடிய தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடியது. வேக ஓட்டங்களின் எண்ணிக்கை இரட்டித்தது. கடற்கரை மணலில் இதைச் செய்ய விரும்புவோர் முதல் இரண்டு வாரம் 10 நிமிஷத்திற்கு மேல் மணலில் ஓடலாகாது. குதிகால் நரம்பு மணலுக்குப் பழகுமுன் வருத்தினால் அவன் கோடையில் ஆடுவது சந்தேகமே.

காயம் வாராமல் தடுப்பதற்குச் சர்வதேசப் பந்தாட்டச் சம்மேளனம் வகுத்த 20 நிமிஷ ஆயத்தப் பயிற்சி ஒன்று வழங்கிவருகிறது. அதில் ஒன்றை மாத்திரம் இங்கே சொல்லலாம். ஒருவன் முழந்தாளிட்டு நிமிர்ந்திருக்க, தோழன் அவனுடைய கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதுகை வளைக்காமல், முடிந்தமட்டும் மெதுவாக முன்னே சாய்ந்து, கடைசியில் கைகளை ஊன்றி விழவேண்டும். முதல் வாரம் 3 முதல் 5 தடவை போதும். பின் தொடைச் சதை கிழிவதை இது வெகுவாகக் குறைக்கிறது. அளத்தில் நின்று பாதம் வெடித்தவர்களும் உவர்நீரில் புண் கண்டவர்களும் ஆறும் வரை பூட்ஸ் அணியாதிருப்பது உசிதம்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது ஆகாரம். பயிற்சிக்கு வசதியான இம்மாதங்களே அளத்து வீடுகளில் கூலி இல்லாத மாதங்கள். அரைவயிற்றோடு வரும் பையனை 16 நிமிஷம் மூச்சிரைக்க ஓடவிடுவது பயிற்சியன்று, தீங்கு. அவன் மயங்கி விழுவான். அல்லது வெட்கப்பட்டு வாராமலே நின்றுவிடுவான். பல கோஷ்டிகள் நல்ல ஆட்டக்காரரை இழப்பது இவ்வழியில்தான். ஆனால் காரியதரிசிகள் அதைச் சோம்பல் என்று எழுதி வைக்கிறார்கள்.

கூட்டுறவு அறிந்தவர்களுக்கு இதன் பரிகாரம் புதிதன்று. அளத்தில் கூலி ஓடும் 35 வாரங்களில் 25 வாலிபர்கள் வாரம் ரூ.10 வீதம் கட்டினால் ரூ.8,750 சேரும். அதைக் காரியதரிசியின் சட்டைப்பையில் வையாமல் சங்கத்தில் கோஷ்டியின் பெயரால் சேமிப்புக் கணக்கில் போடவேண்டும். மழைக்காலத்தில் வாரம் 3 நாள் வீதம் 12 வாரங்களுக்கு 36 பயிற்சி நாட்கள் ஆகின்றன. கணக்கிட்டால் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ரூ.9.70 வருகிறது. அதில் ஒரு முட்டையும் கொஞ்சம் அவித்த நிலக்கடலையும் கொடுக்கலாம். எவன் கட்டினான், எவன் கட்டவில்லை என்று பாராமல், வந்தவர் அனைவருக்கும் ஒரே இலையில் சமமாகக் கொடுக்கவேண்டும். பந்துக்கும் பூட்ஸுக்கும், சங்கத்தின் உபவிதிகள் இடங்கொடுக்குமாயின், பொது நன்மை நிதியிலிருந்து உதவும்படி பஞ்சாயத்தாரைக் கேட்கலாம். உப்பளத் தொழிலாளருக்கு அரசாங்கத்தார் வழங்கும் ரூ.5,000 மழைக்கால நிவாரணத்தின்மேல் மாத்திரம் கோஷ்டியார் கண் வைக்கலாகாது. அது அடுப்புக்கு உரிய பணம்.

ஊரில் விசைப்படகில் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஓய்வு வருவது மீன்பிடித் தடைக்காலமாகிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாட்களில். மழை மாதங்களில் அவர்கள் வாராததைக் குற்றமாகக் கொள்ளாமல், கரைக்கு வந்திருக்கும் நாட்களில் இடது கால் ஆட்டத்திற்கு மாத்திரம் அழைப்பது போதும். தடைக்காலத்தில் வெயில் கடுமையாதலால் அவர்களுடைய ஓட்டப் பயிற்சியைக் காலை 7 மணிக்குள் முடித்துவிட வேண்டும். குடிதண்ணீர்ப் பானையை மைதானத்திற்கே கொண்டுவந்து வைக்கவேண்டும்.

வருகைப் பதிவுப் புஸ்தகம் ஒன்று இன்றியமையாதது. அதில் வந்தவர் பெயர், அன்றைய ஆட்டம், காயம் ஏதேனும் உண்டா, ஆகாரச் செலவு எவ்வளவு என்னும் நான்கு கலங்கள் போதும். மாதத்திற்கொரு முறை அப்புஸ்தகத்தைச் சேமிப்புக் கணக்கோடு ஒத்துப் பார்த்து, வாலிபர்கள் எல்லோரும் கூடியிருக்கையில் உரக்கப் படிக்கவேண்டும். 3 நாள் தொடர்ந்து வாராதவன் வீட்டிற்கு அன்று மாலையே ஒருவர் போய் விசாரித்து வரவேண்டும்; போகும்போது அவனுடைய பங்குக் கடலையையும் கையில் எடுத்துப் போகலாம்.