ட்ரோனில் படம் எடுக்கிறீர்களா? முதலில் காற்றைக் கவனியுங்கள்

உங்கள் ஊர் ஏரியையும் கோயில் கோபுரத்தையும் மேலிருந்து படம் எடுத்து, கம்ப்யூட்டரில் வால்பேப்பராக வைக்க ஆசையா? கேமரா உள்ள ட்ரோன் இருந்தால் முடியும். ஆனால் புதியவர்களுக்குப் படம் எடுப்பதைவிட, அனுப்பிய ட்ரோனைத் திரும்ப வரவழைப்பதுதான் பெரிய சிரமம்.

காரணம் காற்று. ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். ட்ரோனின் அதிகபட்ச வேகம் விநாடிக்கு 10 மீட்டர், காற்றின் வேகம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் திசையிலேயே முழு வேகத்தில் அனுப்பினால், விநாடிக்கு 16 மீட்டர் வீதம் ஒரே நிமிடத்தில் 960 மீட்டர் போய்விடும். திரும்பும்போது எதிர்காற்று. விநாடிக்கு 4 மீட்டர்தான் நகரும். அதே தூரத்துக்கு 4 நிமிடம் ஆகும். பேட்டரி பாதி இருக்கிறதே என்று நம்பினால், ட்ரோன் வழியிலேயே இறங்கிவிடும். தரையில் இலை அசையாவிட்டாலும் மேலே காற்று பலமாக இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

எனவே இப்படிச் செய்யுங்கள்:

1. முதலில் கம்ப்யூட்டரில் ட்ரோன் சிமுலேட்டர் மூலம் பழகுங்கள். ட்ரோனின் முன்பக்கம் உங்களை நோக்கித் திரும்பினால், இடது வலது மாறிவிடும். இந்தக் குழப்பம் தீரும்வரை வெளியே பறக்கவிட வேண்டாம்.

2. ஜி.பி.எஸ். சிக்னல் கிடைத்து, 'ஹோம் பாயின்ட்' பதிவான பிறகே மேலே ஏற்றுங்கள். தானாகத் திரும்பி வரும் உயரத்தை, அருகிலுள்ள மரம், செல்போன் டவரைவிட அதிகமாக அமையுங்கள்.

3. எப்போதும் எதிர்காற்றில் அனுப்புங்கள். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

4. செல்போன் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ட்ரோன் கண் பார்வையிலேயே இருக்கட்டும். பேட்டரி 30 சதவீதம் ஆகும்போது தரையில் இருக்க வேண்டும்.

5. இந்தியாவில் 'ட்ரோன் விதிகள் 2021' வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிக்கின்றன. மஞ்சள், சிவப்புப் பகுதிகளில் பறக்க முன்அனுமதி தேவை. பச்சைப் பகுதியிலும் பொதுவாக 400 அடிதான் உச்சவரம்பு. வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் நாள் நல்ல படம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. ட்ரோன் பத்திரமாக வீடு திரும்பினால், மறுநாள் மீண்டும் எடுக்கலாம்!