வீட்டு முயலும் சிற்றுண்ணி நோயும்

ஆடு, மாடு, கோழி வளர்ப்பது தோட்டப்புற மக்களுக்குப் பழக்கப்பட்ட தொழில். அண்மைக் காலத்தில் அவற்றோடு முயலும் பல வீடுகளில் இடம்பெற்றுள்ளது. ஆடு மாடுகள் கொட்டகையில் வாழ்கின்றன. முயலோ வீட்டிற்குள், பிள்ளைகளின் மடியில் வளர்கிறது. ஆதலால் முயலுக்கு வரும் தோல்நோயைப் பற்றி வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

சில மாதங்களுக்கு முன்னர் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றிற்கு நாம் சென்றிருந்தோம். பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர் நம்மை அணுகினார். அவருடைய மகள் ஒரு கூடையை ஏந்தி நின்றாள். கூடைக்குள் வெள்ளை முயல் ஒன்று இருந்தது.

“ஐயா, இதன் முதுகில் தவிடு தூவியதுபோல் உதிர்கிறது. பிள்ளையின் கையிலும் சிவந்து தடிக்கிறது. இதைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடு என்று பாட்டி சொல்கிறார். மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்து கொஞ்சம் இருக்கிறது. அதைக் கரைத்துக் குளிப்பாட்டிவிடலாமா?” என்று அவர் கேட்டார்.

மகள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் கூடையின் மேல் வைத்த கையை எடுக்கவுமில்லை.

“குளிப்பாட்ட வேண்டாம், ஐயா. காட்டிலும் விட வேண்டாம். முதலில் இது என்ன நோய் என்று பார்த்துக்கொள்வோம்” என்று நாம் கூறினோம். இந்தப் பாடத்தின் சாரமும் அதுவே.

சிற்றுண்ணி என்பது யாது?

சிற்றுண்ணி, சிலந்தி இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய உயிர். வளர்ந்த சிற்றுண்ணிக்கு எட்டுக் கால்கள் உண்டு. அதன் நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முயலைத் தாக்குவனவற்றுள் மூன்று வகைகளை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, காதுச் சிற்றுண்ணி. இது காதின் உட்புறத்தில் வாழும். முயல் அடிக்கடி தலையை உதறும். பின்னங்காலால் காதைச் சொறியும். நோய் முற்றும்போது காதினுள் பழுப்பு நிறப் பொருக்கு அடுக்கடுக்காகப் படியும். இது மனிதர் உடலில் தங்கி வாழ்வதில்லை.

இரண்டாவது, உரோமச் சிற்றுண்ணி. இது முதுகிலும் பிடரியிலும் உரோமத்திற்கிடையே வாழும். தோல் வெள்ளைச் செதிளாக உதிரும். கூர்ந்து நோக்கினால் அச்செதிள்கள் தாமே நகர்வதுபோல் தோன்றும். முயலைத் தூக்குவோரின் கை, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் அரிப்பும் செந்தடிப்பும் உண்டாகலாம்.

மூன்றாவது, சொறிச் சிற்றுண்ணி. இது தோலைத் துளைத்து உள்ளே குடியேறும். மூக்கு, உதடு, காது விளிம்பு, பாதம் ஆகிய இடங்களில் தடித்த பொருக்குத் தோன்றும். அரிப்பு மிகக் கடுமையாக இருக்கும். இதுவும் மனிதர் தோலில் தற்காலிகமாக அரிப்பை உண்டாக்கக்கூடும்.

இவையன்றி, படர்தாமரை நோயும் முயலுக்கு வருவதுண்டு. அதிலும் உரோமம் உதிரும். அதுவும் மனிதருக்குப் பரவும். ஆனால் அது பூசணத்தால் வருவது. அதற்குரிய மருந்து வேறு.

கண்டறிதலே முதற்படி

தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் நோய்களுக்குக் காரணம் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. இதனை நம் பேராக் மாநிலமே ஒருமுறை பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1998ஆம் ஆண்டில் ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் பணிபுரிந்தோர் மூளைக்காய்ச்சலுக்கு ஆளாயினர். அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. கொசு மருந்து அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. நோயோ நிற்கவில்லை. பன்றிகளிடமிருந்து பரவும் புதிய நச்சுயிரியே காரணம் என்பது 1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான் தெளிவாயிற்று. அதுவே நிப்பா நச்சுயிரி. முயலின் சிற்றுண்ணி அத்தகைய கொடிய நோயன்று. எனினும் காரணத்தை அறிந்த பின்னரே மருந்து என்னும் விதி இரண்டுக்கும் பொது.

கால்நடை மருத்துவர் இதனை எளிதில் கண்டறிவார். ஒட்டும் நாடாவை உரோமத்தின்மீது அழுத்தி எடுத்தோ, தோலை இலேசாகச் சுரண்டியோ, காதின் அழுக்கைப் பஞ்சில் தொட்டெடுத்தோ உருப்பெருக்காடியில் வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு மாநிலத்திலும் அரசாங்கக் கால்நடைச் சேவை இலாகா உண்டு. நம் ஈப்போவில் 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவ ஆய்வுக் கழகமும் உள்ளது. ஆகவே உதவிக்கு நாம் தொலைதூரம் அலையவேண்டியதில்லை.

செய்யத் தகாதவை

மண்ணெண்ணெய், பழைய இயந்திர எண்ணெய், பூச்சிமருந்து, மாட்டுக்குத் தெளிக்கும் மருந்து ஆகியவற்றை முயலின்மீது பூசுதல் கூடாது. முயல் தன் உடலை ஓயாது நக்கித் தூய்மை செய்துகொள்ளும் பிராணி. மேலே பூசியது வயிற்றுக்குள் செல்லும். முயலால் வாந்தியெடுக்க இயலாது. உள்ளே சென்ற நஞ்சு உள்ளேயே தங்கிவிடும்.

நாய்க்கும் பூனைக்கும் கடையில் விற்கும் உண்ணி மருந்துகளையும் நாமாகவே இடக்கூடாது. அவற்றுள் பிப்ரோனில் என்னும் மருந்து முயலின் உயிருக்கே ஆபத்தானது. புட்டியின்மீது எழுதியுள்ள பெயரைப் படித்துப் பார்த்தல் அவசியம்.

காதிலுள்ள பொருக்கைப் பிய்த்தெடுக்கலாகாது. அதன் அடியில் புண் இருக்கும். முயலுக்குப் பெரும் வேதனை உண்டாகும். மருந்து வேலை செய்யத் தொடங்கினால் பொருக்குத் தானே உதிரும்.

முயலைத் தண்ணீரில் முக்கிக் குளிப்பாட்டுவதும் தவறு. அது அச்சத்தால் உதைத்துத் துள்ளும். அப்போது முதுகெலும்பு முறிந்துபோவதும் உண்டு. தூக்கும்போது ஒரு கையால் மார்பையும், மறு கையால் பின்புறத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டும்.

செய்யத் தக்கவை

மருத்துவர் பெரும்பாலும் ஐவர்மெக்டின் அல்லது செலமெக்டின் வகை மருந்தைத் தருவார். முயலின் எடையைக் கொண்டே அளவு கணிக்கப்படும். ஐவர்மெக்டின் பிறந்த வரலாறு சுவையானது. ஜப்பானிய அறிஞர் சத்தோஷி ஓமுரா, தம் நாட்டு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரே அதற்கு மூலம். கால்நடைகளுக்காக 1981ஆம் ஆண்டில் அம்மருந்து விற்பனைக்கு வந்தது. அதன் பொருட்டு ஓமுராவும் வில்லியம் கேம்பெல்லும் 2015ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இம்மருந்து உயிருள்ள சிற்றுண்ணிகளைக் கொல்லும், முட்டைகளை அழிக்காது. முட்டைகள் பொரித்துப் புதியவை தோன்றும். ஆதலால் மருத்துவர் குறித்த நாளில் இரண்டாம் முறையும், தேவையானால் மூன்றாம் முறையும் மருந்து தரவேண்டும். அரிப்பு நின்றுவிட்டதே என்று நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

வீட்டில் எத்தனை முயல்கள் உள்ளனவோ அத்தனைக்கும் ஒரே காலத்தில் மருத்துவம் செய்வித்தல் வேண்டும். நாய், பூனை இருப்பின் அவற்றையும் காட்டவேண்டும். சிற்றுண்ணிகள் முயலின் உடலைவிட்டு வெளியேயும் பல நாள் உயிர்வாழும். ஆகவே கூண்டிலுள்ள வைக்கோலைக் கட்டி அப்புறப்படுத்துக. கூண்டைச் சுடுநீரால் கழுவி வெயிலில் காயவைத்த பின்னரே முயலை மீண்டும் விடுக. பிள்ளைகளின் போர்வையையும் விரிப்பையும் சுடுநீரில் துவைத்திடுக.

முயலுக்கு மருத்துவம் நடந்தால் பிள்ளையின் அரிப்பும் பெரும்பாலும் அடங்கிவிடும். முயலின் சிற்றுண்ணி மனிதர் உடலில் நிலைத்துப் பெருகுவதில்லை. அரிப்பு நீடித்தாலோ, இரவில் மிகுந்தாலோ, வீட்டில் மற்றவர்க்கும் பரவினாலோ கிளினிக்கிற்குச் செல்லவேண்டும். அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் சிரங்காகவும் இருக்கலாம்.

முயல் தன் நோவை வெளிக்காட்டாத பிராணி. அரை நாள் உணவு தொடாமல் இருந்தால் அதுவே அவசரக் குறி. உடனே மருத்துவரிடம் கொண்டு செல்க. வீட்டு முயலைக் காட்டில் விடுவதும் அதற்கு விடுதலையன்று. இரை தேடவும் பகைக்குத் தப்பவும் அது அறியாது. வளர்ப்புப் பிராணியைப் பேணுவது உரிமையாளரின் சட்டக் கடமையும் ஆகும். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

நம் தொழிலாளர்க்கு இது கடினமான பாடமன்று. மழைக்காலத்தில் வெட்டுப்பட்டையில் பூசணம் கண்டவுடனே பால்வெட்டுவோர் அதனை அறிந்துகொள்கின்றனர். மரத்தைப் பார்க்கும் அதே கண்ணால் வாரம் ஒருமுறை முயலின் காதையும் முதுகையும் பார்த்தால் போதும்.

அடுத்த முறை நாம் அத்தோட்டத்திற்குச் சென்றபோது அந்தச் சிறுமியே முயலைத் தூக்கிவந்து காட்டினாள். உரோமச் சிற்றுண்ணிதான் என்று மருத்துவர் கண்டிருந்தார். மருந்து கொடுத்த நாள்களைத் தந்தை நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார். பிள்ளையின் கையில் தடிப்பு இல்லை. பாட்டியின் காலடியில் அமர்ந்து முயல் கீரைத் தண்டு கடித்துக்கொண்டிருந்தது.

பயிற்சி வினாக்கள்

1. முயலைத் தாக்கும் சிற்றுண்ணி வகைகள் மூன்றனையும் கூறுக.
2. முயலின் உடலில் பூசும் நஞ்சு அதன் வயிற்றை அடைவது எவ்வாறு?
3. மருந்தை ஒருமுறை மட்டும் தந்தால் நோய் திரும்புவது ஏன்?
4. முயலுக்கு மருத்துவம் செய்யும் நாளில் கூண்டிற்கும் படுக்கை விரிப்புகளுக்கும் செய்யவேண்டியவை யாவை?