"வீடு உனக்குத்தான்" என்று சொன்னால் போதுமா? (ஜும்ஆ உரை)





சில நாட்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் வந்தார். "ஹஜ்ரத், வாப்பா மௌத்தாகி ஆறு வருஷம் ஆச்சு. வீடு உனக்குத்தான்னு பலமுறை சொன்னாங்க. இப்போ லாத்தா பங்கு கேட்கிறாங்க" என்றார். "வாப்பா வீட்டை உங்களிடம் ஒப்படைத்தார்களா?" என்று கேட்டேன். "இல்லை. கடைசிவரை வாடகையை அவங்கதான் வாங்கினாங்க" என்றார். அவர் கேள்விக்கான பதில் அதிலேயே இருந்தது.

ஒருவர் தம் வீட்டையோ மனையையோ உயிரோடு இருக்கும்போது இலவசமாகக் கொடுப்பது ஹிபா. அதற்கு மூன்று நிபந்தனைகள்: கொடுப்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும், பெறுபவர் ஏற்க வேண்டும், பொருள் அவர் கைக்கு வர வேண்டும். இந்த மூன்றாவதுக்கு கப்ளு என்று பெயர்.

அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் மகள் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு இருபது வஸக் பேரீச்சம் பழம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆயிஷா (ரலி) அதைப் பறித்துக் கைப்பற்றவில்லை. மரணப் படுக்கையில், இப்போது அது வாரிசுகள் அனைவரின் சொத்து, அல்லாஹ்வின் வேதப்படி பங்கிடுங்கள் என்று அபூபக்ர் (ரலி) கூறிவிட்டார்கள். இது முவத்தாவில் பதிவாகியுள்ளது. சொன்னவர் சித்தீக், பெறவேண்டியவர் உம்முல் முஃமினீன். அங்கேயே வெறும் சொல் போதவில்லை!

நாட்டுச் சட்டமும் இதை ஏற்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 129-வது பிரிவில், முஸ்லிம்களின் ஹிபாவைத் தன் தான விதிகளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆந்திரத்தில் ஒரு தகப்பனார் 1968-இல் ஒரு மகனுக்கு மட்டும் ஹிபா எழுதிக் கொடுத்தார். அது பதிவு செய்யப்படவில்லை. மற்ற பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். மூன்று நிபந்தனையும் நிறைவேறியதால் ஹிபா செல்லும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சகோதரர்களே, வழக்கில் வென்றது சரி. ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே 43 வருஷம் கழிந்ததே, அதை யார் திருப்பித் தருவது? நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர் தந்தை தனியாக ஒன்றைக் கொடுத்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், பிள்ளைகளிடையே நீதியாக நடக்கும்படி எச்சரித்தார்கள்.

நம் கடற்கரை ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் கல்யாணத்தில் கொடுத்ததாகச் சொல்வார்கள், பத்திரம் வாப்பா பெயரிலேயே இருக்கும். வாப்பா போனபின் சண்டை. ஆகவே கொடுப்பதாக இருந்தால் இன்றே கொடுங்கள். சாட்சி வைத்து எழுதுங்கள், பதிவு செய்யுங்கள், பட்டாவையும் வீட்டு வரியையும் பெயர் மாற்றுங்கள். கடனையே எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

கொடுக்க மனமில்லையா? குற்றமில்லை. உங்களுக்குப் பின் அல்லாஹ் பங்கு வைத்திருக்கிறான். மரண சாசனம் எழுதினாலும் மூன்றில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு எழுதுவதும் செல்லாது.

அந்தச் சகோதரரின் கணக்கைப் பார்ப்போம். கடன் எதுவும் இல்லை. உம்மா, இரண்டு ஆண்மக்கள், ஒரு பெண். சொத்தை 40 பங்காக்கினால் உம்மாவுக்கு எட்டில் ஒன்றாக 5; ஆண்மக்களுக்குத் தலா 14; லாத்தாவுக்கு 7. லாத்தா யாசகம் கேட்கவில்லை, தன் ஏழு பங்கைக் கேட்கிறார்.

இதைத் தள்ளிப் போடாதீர்கள். பிரெஞ்சுக்கால நொத்தேர் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, மூன்று தலைமுறையாகப் பங்கு வைக்காமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. ஒவ்வொரு மௌத்திலும் வாரிசுகள் பெருகுகிறார்கள். பாதிப்பேர் பிரான்சில், மீதிப்பேர் வளைகுடாவில். கடைசியில் வீடு இடிந்து விழுகிறது, கையெழுத்து மட்டும் சேரவில்லை.

பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்று நபி (ஸல்) எச்சரித்தார்கள். அந்தப் பிறர் நம் கூடப் பிறந்தவளாகவும் இருக்கலாம்.

உரியவரின் ஹக்கை உரியவரிடம் சேர்க்கும் மனதை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.