பனியில் புதைந்த ராட்சத வண்டி

பழவேற்காடு ஏரியிலுள்ள பசியாவரத்தின் கரையில், நீர் வடிந்த சேற்றில் நின்றால் கால் புதையும். அதே சேற்றில் அகலமான பலகையைப் போட்டு அதன்மேல் நின்றால் அவ்வளவு புதையாது. உங்கள் எடை மாறவில்லை. அதைத் தாங்கும் பரப்புதான் கூடியது. எடையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பதே அழுத்தம்.

இதே பாடத்தை அண்டார்க்டிகாவில் ஒரு பெரிய வண்டி கற்பித்தது. தாமஸ் பவுல்ட்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் திட்டப்படி 1939-இல் சிகாகோவில் 'ஸ்னோ குரூசர்' கட்டப்பட்டது. நீளம் 17 மீட்டர். எடை சுமார் 34 டன். உள்ளே படுக்கைகள், சமையலறை, ஆய்வுக்கூடம். கூரைமேல் சிறு விமானம். நான்கு சக்கரங்களும் 3 மீட்டர் விட்டமுள்ளவை.

1940 ஜனவரியில் பனியில் இறங்கியதும் சக்கரங்கள் ஏறக்குறைய 1 மீட்டர் புதைந்தன. ஏன்? சக்கரத்தின் அடியில் ஒரு சிறு பகுதியே தரையைத் தொடும். அதன்மேல் 8 டன்னுக்கு மேற்பட்ட சுமை! வழவழப்பான டயர்களுக்குப் பிடிப்பும் இல்லை. உபரி டயர்களை முன்புறம் பூட்டி, பின்சக்கரங்களில் சங்கிலி சுற்றியும் வண்டி பின்னோக்கித்தான் ஒழுங்காக நகர்ந்தது. அப்படியே 148 கிலோமீட்டர் ஓடியது. பிறகு கைவிடப்பட்டுப் பனிக்குள் மறைந்தது.

1989 முதல் இயங்கும் நமது மைத்ரி நிலையத்தில், டாங்கியைப்போல் அகன்ற பட்டைகளின்மேல் ஓடும் வண்டிகள் பனியில் சுமை இழுக்கின்றன. பட்டை முழு நீளத்திலும் பனியைத் தொடுவதால் எடை பரவிவிடுகிறது.

செய்து பாருங்கள்: ஈரமணலில் ஒரு செங்கல்லை நிமிர்த்தி வையுங்கள், பிறகு படுக்க வையுங்கள். செங்கல் 22 × 11 × 7 செ.மீ. எனில், அழுத்தம் எத்தனை மடங்கு குறையும்?

(விடை: சுமார் 3 மடங்கு.)