கல்யாணத்துக்கு எட்டு வாரம் இருக்கும்போதே முகத்தைக் கவனியுங்கள்



தை பிறந்தால் நம் தோட்டங்களில் கல்யாண வேலை தொடங்கிவிடும். பந்தலுக்குக் கணக்கு, சேலைக்குக் கணக்கு, சமையலுக்குக் கணக்கு என்று மாதக்கணக்கில் யோசிக்கிற வீட்டில், பொண்ணின் முகத்தைப் பற்றி மட்டும் கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வருகிறது. உடனே டவுனுக்கு ஓடி ஏதாவது ஒரு கிறீம் வாங்கி வந்துவிடுகிறோம். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான். கல்யாணப் பொண்ணுக்கு என்று எழுதினாலும் மாப்பிள்ளைக்கும் இது பொருந்தும். சடங்கு வைக்கும் பிள்ளைக்கும் பொருந்தும்.

முதலில் எங்கள் பிழை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போன வருடம் எங்கள் பொறுப்பில் உள்ள ஒரு டிவிசனில் ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமானது. இரண்டு மாதத்துக்கு முன்பே அம்மாக்காரி டவுனில் ஒரு சின்ன டப்பா கிறீம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். டப்பாவில் பெயர் இல்லை, விலாசம் இல்லை. பத்து நாளில் பிள்ளையின் முகம் பளபளவென்று ஆகிவிட்டது. நாங்கள் லயத்துக்குப் போனபோது, "மிஸ், இப்ப பாருங்க, எப்படி வெளுத்திருக்கான்னு" என்று அந்த அம்மா பிள்ளையை இஸ்தோப்புக்குக் கூப்பிட்டுக் காட்டினார். நாங்களும் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு வந்தோம். என்ன கிறீம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது டப்பா முடிந்துவிட்டது. கடையிலும் சரக்கு இல்லை. பூசுவதை நிறுத்தி நாலைந்து நாளில் முகம் எரியத் தொடங்கியது. வெயிலில் நிற்க முடியவில்லை. கன்னமெல்லாம் சிவந்து சீழ்ப்பரு போட்டுவிட்டது. தோட்ட டாக்டரய்யா பார்த்துவிட்டு ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குத் துண்டு கொடுத்தார். முகம் தேறுவதற்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ஆனால் அந்தப் பிள்ளை தன் கல்யாண போட்டோவை இன்னும் சட்டம் போட்டு மாட்டவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அன்றைக்கு நாங்கள் கேட்காமல் வந்தது மனதைக் குத்துகிறது.

தோல் என்ன கணக்கில் வேலை செய்கிறது

கொழுந்து எடுக்கிற விரல்களைப் பாருங்கள். நுனியிலும் நகத்தோரத்திலும் கறுப்பாகக் கறை பிடித்திருக்கும். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் அன்றைக்கே போகாது. மலைக்குப் போகாமல் சில வாரம் வீட்டில் இருந்தால் யாரும் ஒன்றும் செய்யாமலே அந்தக் கறை போய்விடுகிறது. எப்படி? நம் மேல்தோல் அடியிலிருந்து புதிதாக வளர்ந்துகொண்டே வருகிறது. மேலே இருக்கிற பழைய தோல் கண்ணுக்குத் தெரியாத செதிலாக உதிர்கிறது. இப்படி ஒரு சுற்று முடிய ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். வயது போகப் போக இன்னும் கூடுதலாக எடுக்கும். கறை அந்தப் பழைய தோலோடு போகிறது.

முகத்துக்கும் இதே கணக்குத்தான். இன்றைக்குத் தொடங்குகிற நல்ல பழக்கத்தின் பலன் அடுத்த மாதம்தான் முகத்தில் தெரியும். அதனால்தான் எட்டு வாரம் என்று சொல்கிறோம். இரண்டு சுற்றுக்கு இடம் வேண்டும். ஏழு நாளில் வெள்ளையாக்குவோம் என்று ஒருவர் சொன்னால், இயற்கையின் கணக்குக்கு வெளியே என்னவோ செய்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

பெரும்பாலும் இரண்டில் ஒன்று, சிலவேளை இரண்டும் சேர்ந்து. ஒன்று ஸ்டெரொயிட். டாக்டர்மார் சில தோல் வியாதிகளுக்குக் குறைந்த நாளுக்கு எழுதிக்கொடுக்கிற மருந்து அது. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்று டியூபில் போட்டிருக்கும். அதை முகத்தில் வாரக்கணக்கில் பூசினால் முதலில் வெளுக்கும், பரு அமுங்கும், பளபளக்கும். உள்ளே தோல் மெலிந்துகொண்டு வரும். நரம்பு தெரியும், முகத்தில் மயிர் வளரும். நிறுத்தினால் நாம் மேலே சொன்ன கதைதான். பக்கத்துக் காம்பராவில் மிச்சம் கிடந்த டியூபை வாங்கிப் பூசுவதும் இதில் அடங்கும். படர்தாமரைக்கு இதைப் பூசினால் அரிப்புக் குறைந்து, தாமரை உள்ளுக்குள் இன்னும் பரவும்.

மற்றது பாதரசம். காய்ச்சல் பார்க்கிற பழைய கண்ணாடிக் குச்சியில் வெள்ளியாக ஓடுமே, அதன் உப்பு. தோல் நிறம் உண்டாவதை அது தடுக்கிறது, அதனால் வெளுக்கிறது. ஆனால் தோல் வழியாக உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காலும் கண்ணிமையும் வீங்குவது, சிறுநீர் நுரைத்துப் போவது, கை நடுக்கம், தூக்கமின்மை, ஞாபக மறதி ஆகியவை இதனால் வரலாம். பூசுகிறவருக்கு மட்டும் அல்ல. தலையணை, துவாய், அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தூங்கும் குழந்தை என்று வீட்டில் எல்லோருக்கும் போகும். நம் லயத்தில் ஒரே காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். வயிற்றுப் பிள்ளைக்கும் இது கெடுதல்.

உலக நாடுகள் 2013இல் மினமாட்டா உடன்படிக்கை என்ற ஒன்றைச் செய்துகொண்டன. ஜப்பானில் பாதரசத்தால் பாழான ஒரு ஊரின் பெயர் அது. இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. பாதரசம் போட்ட அழகுசாதனங்களைச் செய்வதையும் நாடு விட்டு நாடு அனுப்புவதையும் 2025க்குப் பிறகு அடியோடு நிறுத்துவது என்று அந்த நாடுகள் 2023இல் தீர்மானித்தன. தீர்மானம் ஆனாலும் கள்ளச் சரக்கு வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே கடையில் நாம்தான் பார்த்து வாங்க வேண்டும். என்னென்ன சேர்த்திருக்கிறது, யார் செய்தது, யார் இறக்குமதி செய்தது என்று போடாத டப்பாவைத் தொட வேண்டாம். மேர்க்குரி, கலோமல் என்ற சொற்கள் இருந்தால் வேண்டாம். தங்கம் வெள்ளி நகையில் படக்கூடாது என்று எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள், பாதரசம் நகையைப் பிடிக்கும் என்பதால் அப்படி எழுதுவார்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

எட்டு வாரத்தில் செய்யக்கூடியது

நெற்றிப் பரு நம் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு வருகிறது என்று பல நாள் யோசித்திருக்கிறோம். காலையில் தலைக்கு வழிய வழியத் தேங்காயெண்ணெய். அதன் மேல் துணி. துணிக்கு மேல் கூடைக் கயிறு, அல்லது இப்போது பலர் கட்டுகிற சாக்கின் கயிறு. வேர்வையும் எண்ணெயும் கலந்து நெற்றியில் இறங்க, கயிறு அதே இடத்தில் நாள் முழுக்க உரசுகிறது. மயிர்க்கால் அடைபட்டுப் பரு வருகிறது. எண்ணெயை வேண்டாம் என்று சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். மலைக்குப் போகும் காலையில் வைக்காமல் சாயந்தரம் வைத்து, படுக்குமுன் அல்லது மறுநாள் குளிக்கும்போது கழுவிவிடுங்கள். தலைத்துணியைத் தினமும் மாற்றுங்கள், நேற்று வேர்வையில் நனைந்து காய்ந்த துணியை இன்றும் கட்டாதீர்கள். மலையிலிருந்து வந்ததும் பீலித் தண்ணீரில், மென்மையான குளியல் சவர்க்காரத்தால் முகத்தைக் கழுவினால் போதும். உடுப்புத் துவைக்கிற சவர்க்காரம் முகத்துக்கு ஆகாது. ஒரு நாளைக்கு இரண்டு தரத்துக்கு மேல் தேய்க்கவும் வேண்டாம். பருவைக் கிள்ளினால் பரு போகும், தழும்பு நிற்கும். கூடுதலாக இருந்தால் டாக்டரய்யாவிடம் கேளுங்கள், பூசுகிற மருந்து இருக்கிறது. அதுவும் ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் குணம் காட்டும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. "இங்க குளிருதே, வெயில் என்ன செய்யும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் சூரியனின் புற ஊதாக் கதிர் நூற்றுக்குப் பத்து அளவில் கூடுகிறது. நுவரெலியா ஏறக்குறைய 1870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பனிமூட்டமும் அந்தக் கதிரை முழுவதும் மறைக்காது. கன்னத்தில் மங்கு விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். விலை கூடிய கிறீம் இல்லாவிட்டாலும் தலைத்துணியை நெற்றிக்கு முன்னால் இழுத்து நிழல் விழும்படி கட்டுங்கள். எலுமிச்சம்புளியை முகத்திலோ கையிலோ தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். கொப்புளம் போட்டுக் கறுப்புத் தழும்பாக நிற்கும். விரல் கறையை எடுக்கப் புளி தேய்ப்பவர்கள் சாயந்தரத்தில் தேய்த்து, கழுவிவிட வேண்டும்.

அடுத்தது சொறி. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சொறி அழுக்கால் வருகிற வெட்கக்கேடு அல்ல, ஒரு சின்னப் பூச்சி. நெருங்கிப் படுக்கிற வீட்டில் யாருக்கும் ஏறும். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் ராத்திரியில் கூடுதலாக அரிக்கும். பொண்ணுக்கு மட்டும் மருந்து பூசி மற்றவர்கள் சும்மா இருந்தால் திரும்பவும் அவளுக்கே வரும். அரிக்காதவரும் உட்பட, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் டிஸ்பென்சரி மருந்தைக் கழுத்திலிருந்து கால்விரல் வரை, அவர்கள் சொல்கிற முறைப்படி பூச வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கை, உடுப்பு எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம், பயப்பட வேண்டாம். கல்யாணத்துக்கு வேறு தோட்டத்துச் சொந்தக்காரர் வந்து நம் பாயில்தான் படுக்கப்போகிறார்கள். அதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

தேமல் மருந்துக்கு அடங்கும். ஆனால் அந்த இடத்தில் நிறம் திரும்ப மாதக்கணக்காகும், எனவே முந்தியே காட்டுங்கள். வெளுத்த அல்லது சிவந்த திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லையா? அதைத் தேமல் என்று விடாதீர்கள். தொழுநோயாக இருக்கலாம். அதற்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவச மருந்து உண்டு, ஒழுங்காகக் குடித்தால் முற்றாகச் சுகமாகும். முந்திப் போனால் கை கால் ஊனப்படாது.

முகம் வெளிறி, கண்ணின் கீழ் இமைக்குள் சிவப்பில்லாமல் இருக்கிற பிள்ளைக்கு எந்தக் கிறீமும் உதவாது. அது இரத்தக் குறைவு. கிளினிக்கில் பாருங்கள். கீரை, பருப்பு, நெத்தலி, கிடைத்தால் முட்டை, ஈரல் கொடுங்கள். கூடவே ஒரு கொய்யாப்பழம் அல்லது தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். தேயிலையில் பிழைக்கிற நாம் இதைச் சொல்வது ஒரு மாதிரித்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கிற தேத்தண்ணி அந்த இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

பித்தவெடிப்புக்கு: ராத்திரியில் இளஞ்சுடு தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்து, மெதுவாகத் தேய்த்து, துடைத்து, தேங்காயெண்ணெய் பூசிப் பழைய மேஜோடு போட்டுப் படுத்தால் சில வாரத்தில் குறையும்.

கடைசி வாரத்தில் எதையும் புதிதாகப் பூசாதீர்கள். பேசியல், பிளீச் எல்லாம் செய்ய வேண்டும் என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே செய்து பாருங்கள். பொண்ணுக்குப் போடப்போகிற பவுடர், கிறீமை முன்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் பூசி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போடச் சொல்லுங்கள். மஞ்சள் பூசுவது நம் வழக்கம், வீட்டில் இடித்ததாக இருந்தால் நல்லது. மருதாணியில் கவனம். அரைத்த மருதாணி செம்மண் நிறத்தில்தான் பிடிக்கும், மணிக்கணக்கில் வைத்திருக்கவும் வேண்டும். கொஞ்ச நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கிற கறுப்பு மெஹெந்தியில் தலைமயிர்ச் சாயத்து மருந்து கலந்திருக்கும். கை கொப்புளித்துப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம்.

இதை வாசிக்கிற எந்த வீட்டிலாவது பெயரில்லாத டப்பா இருந்தால் அதைப் பீலியில் கொட்டவோ அடுப்பில் போடவோ வேண்டாம். பூசிக்கொண்டிருப்பவர் இன்றைக்கே நிறுத்தி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரய்யாவிடம் போகவும். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் இருந்தால் அதையும் சொல்லவும். பூசாமல் மிச்சம் இருப்பதை மூடி, பொலித்தீன் பையில் கட்டி எங்கள் நலன்புரி அறைக்குக் கொண்டுவந்து தரலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நாங்கள் சேர்ப்பிக்கிறோம். யார் வாங்கியது, என்ன விலை என்று நாங்கள் கேட்க மாட்டோம். எந்தக் கடை என்று மட்டும் சொன்னால் போதும்.