பாசறைக் கலை பயிலும் இளைஞர் தலைவர்கள்

சாரணர் என்னும் சொல் நம் சமுதாயத்தார்க்குப் புதியதன்று. புகாரினின்று புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளின் துணையோடு காவிரிக் கரைவழியே நடந்து திருவரங்கத்துச் சோலையை அடைந்தபொழுது, சாவக நோன்பியர் அமைத்த கற்பலகையின்மீது சாரணர் தோன்றி அறமுரைத்த செய்தியைச் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை கூறுகின்றது. வான்வழி இயங்கும் ஆற்றல் பெற்ற துறவியரை அங்குக் குறித்த அச்சொல், ஒற்றறிந்து வருவோனையும் குறிப்பதுண்டு. அதனாலேயே பள்ளிச் சிறுவர்தம் 'ஸ்கௌட்' இயக்கத்துக்கும் தமிழில் அதுவே பெயராயிற்று.

எனினும் நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்குச் சாரணரினும் மிகுதியாக வேண்டப்படுபவர் கவுந்தியடிகளே. புறப்படுமுன் அவர் அவ்விருவர்க்கும் கூறும் வழியறிவை ஊன்றிப் படித்தல் வேண்டும். சோலைவழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும். அவற்றுக்கு அஞ்சி விலகினால் தாழத் தொங்கும் பலாக்கனி முட்டும். மஞ்சளும் இஞ்சியும் விளைந்த தோட்டத்தில் பலாக்கொட்டைகள் பரற்கல்போல் காலை உறுத்தும். வயல்வழியே சென்றால், தேனடை சிதைந்து கலந்த பொய்கை நீரை வேட்கை மிகுதியால் அறியாமற் பருக நேரிடும். வரப்பில் நண்டும் நத்தையும் மிதிபட்டு மாளும். இவ்வாறு நடப்பவர்க்கு வரும் துன்பத்தையும், நடப்பவரால் பிறவுயிர்க்கு வரும் துன்பத்தையும் ஒரே மூச்சில் கூறிவிடுகின்றார் அடிகள். பின்னர் நாளொன்றுக்கு ஒரு காவதமே நடந்து, இடையிடையே பலநாள் தங்கிச் செல்கின்றனர். நடைப்பழக்கம் இல்லாத கண்ணகியின் காலுக்கு ஏற்ப அமைந்த பயணம் அது. இளையோரை வெளியிடத்துக்கு அழைத்துச் செல்லும் எவர்க்கும் இதனினும் சிறந்த முதற்பாடம் கிடைத்தல் அரிது.

இங்கிலாந்தில் பேடன் பவல் 1907 ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிரவுன்சீ தீவில் சிறுவர் சிலரைக் கொண்டு நடத்திய பாசறையே சாரணர் இயக்கத்தின் தொடக்கம் என்பதைப் பலரும் அறிவர். இயக்கம் விரைந்து பரவியபொழுது சிறுவர்க்குக் குறைவில்லை. அவர்களை நடத்தத் தெரிந்த பெரியோர்க்கே குறைவிருந்தது. எனவே 1919இல் லண்டனுக்கு அருகிலுள்ள கில்வெல் பூங்காவில் தலைவர்களுக்கென்றே பயிற்சிப் பாசறை ஏற்படுத்தப்பட்டது. அங்கு வந்த பெரியோர் கரும்பலகையின் முன் அமரவில்லை. சிறுவர்களைப் போலவே சிறுசிறு அணிகளாகப் பிரிந்து, தாமே கூடாரம் அடித்து, தாமே சமைத்து, தாமே பாத்திரம் துலக்கினர். தேறியவர்க்கு இரண்டு சிறு மரமணிகள் கோத்த தோல்கயிறு அளிக்கப்பட்டது. அவ்வழக்கம் நம் நாட்டிலும் தொடர்கின்றது.

இந்தியாவில் 1909இல் பெங்களூரில் தொடங்கிய சாரணர் குழு ஐரோப்பியச் சிறுவர்க்கே உரியதாயிருந்தது. இந்தியச் சிறுவர்க்கும் அப்பயிற்சி வேண்டுமென்று அன்னிபெசன்ட் அம்மையார் 1916இல் சென்னையில் தனிச்சங்கம் கண்டார். பல்வேறு அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று இணைந்ததே பாரத சாரண சாரணியர் இயக்கம். இதன் தேசியப் பயிற்சி நிலையம் மத்தியப் பிரதேசத்துப் பச்மடியில் உள்ளது. இவ்வியக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி 2025 சனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை நம் திருச்சி மாவட்டத்து மணப்பாறையில், சிப்காட் வளாகத்தில் நடைபெற்றது. பல மாநிலத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கூடாரங்களில் தங்கினர். அத்தனை பிள்ளைகளுக்கும் குடிநீர், கழிப்பிடம், உணவு, உறக்கம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவரவர் குழுவுடன் வந்த சாரண ஆசிரியர்களையே சாரும். அவர்கள் இதற்கென ஊதியம் பெறுவோர் அல்லர். விடுமுறை நாட்களைத் தத்தம் செய்தோர்.

நம் சமுதாயத்து இளைஞர் சிலரும் பள்ளிகளிலும் பாடசாலைகளிலும் பிள்ளைகளை ஒருங்கு சேர்த்து வெளியிடங்களுக்கு அழைத்துச் செல்கின்றனர். நல்முயற்சியே. ஆனால் பிள்ளைகளை அழைப்பதற்குமுன் தலைவர்கள் மட்டும் இரண்டு மூன்று நாள் கூடி, தமக்குத் தெரிந்ததை ஒருவர்க்கொருவர் கற்பித்துக் கொள்ளுதல் வேண்டுமென்பது நம் கருத்து. ஒருவர்க்குக் கயிறு தெரியும். ஒருவர்க்கு அடுப்பு தெரியும். மருத்துவமனையில் பணிசெய்யும் சகோதரிக்கு முதலுதவி தெரியும். தனித்தனியே இருக்கும்வரை இவ்வறிவால் பிள்ளைகளுக்குப் பயனில்லை.

திருச்சியில் இத்தகைய கூட்டத்தைக் காந்தி மார்க்கெட்டிலேயே தொடங்கலாம். வேடிக்கையாகச் சொல்லவில்லை. பாசறையின் முதற்கலை கொள்முதல். அணிக்கு எண்மராக நான்கு அணிகள் எனில் 32 பேர். ஒருவேளைக்கு ஒருவர்க்கு 150 கிராம் அரிசி என்று கொண்டால் ஏறத்தாழ 5 கிலோ. பருப்பு 40 கிராம் வீதம் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றே மிகும். இக்கணக்கை ஏட்டில் போடுவது எளிது. மார்க்கெட்டில் நின்று, குளிர்ப்பெட்டி இல்லாத இடத்தில் மூன்றுநாள் வாடாமல் இருப்பது எது என்று ஆய்ந்து வாங்குவதே பயிற்சி. வெங்காய மூட்டைகளையும் உருளைக்கிழங்கையும் கடந்து நாம் நாடுவன பூசணி, சுரை, வாழைக்காய், முருங்கை, கொத்தவரை. வெட்டாத பூசணியும் சுரையும் வெயிலைத் தாங்கும். வெண்டையை முதல்நாளே சமைத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் கீரையை நம் முன்னோர் விலக்கியது சிற்றுயிர் கருதி. மண்ணும் பூச்சியும் போக அலசப் போதிய நீரில்லாத பாசறைக்கும் அதுவே ஏற்றது.

அங்கேயே மற்றொரு பாடமும் உண்டு. லாரியில் சரக்கேற்றித் தார்ப்பாய் போர்த்தும் தொழிலாளி, கயிற்றின் நடுவே ஒரு கண்ணை மடித்து, மறுமுனையைக் கொக்கியில் வளைத்து அக்கண்ணில் நுழைத்து இழுத்து இறுக்குவதைப் பொறுமையுடன் நின்று பாருங்கள். கூடாரத்தின் இழுகயிற்றை விறைப்பாக்கும் உத்தியும் அதுவே. அவிழ்க்கும்பொழுது ஒரே இழுப்பில் அவிழும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவோர் சவுக்குக் கழிகளைக் குறுக்கே வைத்துப் பிணைக்கும் கட்டினைச் சாரண நூல்கள் படம்போட்டு விளக்குகின்றன. அத்தொழிலாளரை 'ஐயா, ஒருமுறை காட்டுங்கள்' என்று வணங்கிக் கேட்டால் மறுப்போர் அரியர். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கும். ஆதலின் மழை வருமுன் சற்றே தளர்த்துக. நைலான் கயிறு சுருங்காது. ஆயின் முடிச்சு வழுக்கும். முளையின் தலை கூடாரத்தினின்று விலகிச் சாய்ந்திருத்தல் வேண்டும்.

பொழுது சாயுமுன் உண்ணும் நம் ஒழுக்கத்தைப் பாசறையில் காப்பது கடினம் என்று பெற்றோர் சிலர் தயங்குகின்றனர். திருச்சியில் மார்கழியில் ஆறு மணியளவிலும் ஆனியில் ஆறே முக்கால் மணிக்கு அண்மையிலும் கதிரவன் மறைகின்றான். நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினால் ஐந்தரைக்குப் பந்தி. வெளிச்சம் உள்ளபொழுதே பாத்திரம் துலக்கி முடிந்துவிடும். விளக்கைச் சுற்றும் விட்டில்கள் சோற்றில் விழுவதில்லை. எச்சில் தேடி இரவில் எலிகள் வருவதில்லை, எலியைத் தேடிப் பாம்பும் வருவதில்லை. பிற சமயத்துப் பிள்ளைகளோடு பொதுப்பாசறைக்குச் செல்வதாயின், தலைவர் முன்கூட்டியே சமையற்பொறுப்பாளரிடம் நேரத்தைப் பேசி வைத்தல் வேண்டும். பந்தியில் அமர்ந்தபின் பத்து வயதுப் பிள்ளை தனித்து நின்று வாதாடும்படி விடுதல் கொடுமை.

நீரை இருமடித் துணியில் வடிகட்டி, துணியில் தங்கியதை எடுத்த நீர்நிலையிலேயே மெல்ல அலசிவிடுதல் மரபு. இதனோடு நின்றுவிடலாகாது. கண்ணுக்குப் புலனாகாத நோய்க்கிருமிகளைத் துணி தடுக்காது. வடித்த நீரை நன்கு கொதிக்கவைத்தே பிள்ளைகளுக்குத் தருதல் வேண்டும். விறகைத் தட்டி, எறும்பும் கறையானும் இல்லாமை கண்டே அடுப்பிலிடுக. இரவுப் பாட்டுக்கும் நாடகத்துக்கும் பெருந்தீ வளர்ப்பது சாரணர் வழக்கம். நாம் நடத்தும் பாசறையில் தீயின்றி, நிலவொளியிலோ சிறு விளக்கிலோ கூடினால் என்ன குறைந்துவிடும்?

இனி இடந்தெரிதல். காவிரி மணல் கண்ணுக்கினியது; அதனாலேயே இடர்மிக்கது. மேட்டூரில் திறக்கும் நீருக்கு நம் பாசறையைப் பற்றிய கவலை இல்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது இடிந்து வீழ்ந்ததைத் திருச்சிவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றுக்குள்ளும், காய்ந்த ஓடையிலும், தென்னை மரத்தடியிலும் கூடாரம் கூடாது. கழிப்பிடக் குழி நீர்நிலையிலிருந்து 60 மீட்டருக்குக் குறையாமல் தள்ளியிருக்க வேண்டும். நீந்தத் தெரிந்த பெரியோர் இருவரேனும் கரையில் காவல் நில்லாமல் ஒரு பிள்ளையும் நீரில் இறங்கலாகாது. பாம்பு தீண்டினால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தவறு. தீண்டிய உறுப்பை அசையாமல் வைத்து, 108 ஊர்தியை அழைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுதலே முறை. அருகிலுள்ள மருத்துவமனை எது, எத்தனை நிமிட வழி என்பதைப் பாசறைக்கு முதல்நாளே தலைவர் ஒருமுறை நேரில் சென்று அறிந்து வருதல் வேண்டும்.

சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், தேசிய மாணவர் படையின் பெயரால் போலியாக நடத்தப்பட்ட முகாமில் சிறுமியர் பாலியல் கொடுமைக்கு ஆளான வழக்கு நாட்டையே நடுங்கச் செய்தது. சீருடையும் விசிலும் ஒருவரைத் தலைவர் ஆக்கிவிடா. ஆதலால் பாசறைக்கு அனுப்பும் பெற்றோர், நடத்துவோர் யாரிடம் பயிற்சி பெற்றவர், எந்த அமைப்பின் ஒப்புதல் உண்டு, பெண்பிள்ளைகளுடன் தங்கும் பெண் தலைவர்கள் எத்தனைபேர், இரவில் காவல் எவ்வாறு என்று தயங்காமல் கேட்க வேண்டும். அன்னியர் நடத்தினாலும் நம்மவர் நடத்தினாலும் இவ்வினாக்களுக்கு விலக்கில்லை. 'நம் பிள்ளைகள்தானே, நம்பக்கூடாதா' என்று தலைவர் எவரும் வருந்தலாகாது. பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையுடன் மூடிய கூடாரத்தில் தனித்திருத்தல் கூடாது என்னும் விதியைத் தலைவர்கள் தம் கூட்டத்தின் முதல்நாளிலேயே எழுதி, அனைவரும் ஒப்பமிடுக. குழந்தைகள் உதவி எண் 1098 பிள்ளைகள் கண்ணில் படும்படி ஒவ்வொரு கூடார வாயிலிலும் தொங்கட்டும்.