ஆங்கில மனுவில் ஒரு சொல்

காணி பற்றி வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதுவோருக்காக இரண்டு வசனங்களைப் பார்ப்போம். 'வீ ஆர் டிஸ்பிளேஸ்ட் சின்ஸ் 1990' என்பது பிழை. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு 'வீ ஹாவ் பீன் டிஸ்பிளேஸ்ட்' என்றே வரவேண்டும். தமிழில் '1990 முதல் இடம்பெயர்ந்திருக்கிறோம்' என்பதால் வரும் தடுமாற்றம் இது. எழுதித் தரும் பிள்ளைகளை ஏசிப் பயனில்லை.

மற்றையது இலக்கணப்படி சரி, ஆனால் ஆபத்தானது. 'வீ ஹாட் டூ ஏக்கர்ஸ் இன் பலாலி.' 'பலாலியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருந்தது' என்று நாம் கதைப்பதை அப்படியே மாற்றியிருக்கிறோம். வாசிப்பவரோ காணி இப்போது உங்களுடையதல்ல என்றே விளங்கிக்கொள்வார். உறுதி உங்கள் பெயரில்தானே இருக்கிறது? 'வீ ஓன் டூ ஏக்கர்ஸ்' என நிகழ்காலத்தில் எழுதுங்கள். 'வீ லிவ்ட் தெயர் அன்டில் 1990' என்பதற்கு மட்டும் இறந்தகாலம் போதும்.